எலும்புக்கூடு என்ன கேட்கிறது? பிற்கால இடைக்கால, மறுமலர்ச்சிக் கால ஐரோப்பியக் கலையில் சாவும் நினைவும்

1300க்கும் 1550க்கும் இடைப்பட்ட ஐரோப்பியக் கலையைப் பார்க்கத் தொடங்கியவர்களுக்குப் பிணங்களும் மண்டையோடுகளும் மாறி மாறி எதிர்ப்பட்டுக்கொண்டே இருக்கும். மாதா படத்தைக் கும்பிடும் ஒரு பெரிய மனிதரின் உருவத்துக்குப் பின்புறம் மண்டையோடு. பட்டாடையில் படுத்திருக்கும் பேராயர் சிலைக்குக் கீழே அவருடைய மெலிந்து வற்றிய சடலம். அரசனின் கையைப் பிடித்து ஆட இழுக்கும் செத்தவன். இதைப் பார்த்ததும் அந்தக் காலத்து மக்களுக்குச் சாவின்மேல் ஏதோ மோகம் இருந்திருக்கிறது என்று தோன்றும். கொள்ளைநோயில் ஊர் ஊராகச் செத்ததால் மனம் கலங்கி இப்படி வரைந்தார்கள் என்று பல அறிமுக நூல்களும் சொல்லும். முதலாவது தவறு. இரண்டாவதில் கொஞ்சம் உண்மை இருந்தாலும், அதையே முழுக் காரணமாக எடுத்துக்கொண்டால் படங்கள் புரியாமல் போகும்.

இவற்றில் பெரும்பாலானவை ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டவை. எதிரே நிற்பவரிடம் ஒன்றைக் கேட்டுப் பெறுவதுதான் அந்த வேலை. "நீயும் சாவாய், அதற்குள் உன் வாழ்க்கையைச் சரிசெய்துகொள்" என்பது ஒரு கேட்பு. "செத்துப்போன எனக்காக ஒரு ஜெபம் சொல்" என்பது மற்றொன்று. முதலாவது எல்லோர் கண்ணுக்கும் படுகிறது. இரண்டாவதுதான் தவறிப்போகிறது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இந்தக் கலையின் முழு வலிமையும் இருக்கிறது.

உத்தரிக்கிற ஸ்தலம்: இது இல்லாமல் எதுவும் புரியாது

தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று கல்லறைகளைச் சுத்தம் செய்து, மெழுகுவர்த்தி ஏற்றி, ஆன்மாக்களுக்காகப் பூசை கொடுப்பதன் பின்னால் இருப்பதும் இதே நம்பிக்கைதான். நேரே மோட்சத்துக்குப் போகும் அளவுக்குப் புனிதமாகவும் இல்லாமல், நரகத்துக்குப் போகும் அளவுக்குச் சாவான பாவம் என்னும் பெரும்பாவத்திலும் சாகாமல் இருப்பவர்கள், தங்கள் குறைகளுக்கான பரிகாரத்தை முடிக்கும்வரை தங்கும் நிலை அது. 1274இல் திருச்சபையின் லியோன் பொதுச்சங்கமும் 1439இல் ஃப்ளோரன்ஸ் பொதுச்சங்கமும் இதை அதிகாரபூர்வமாக வரையறுத்தன. உயிரோடிருப்பவர்கள் ஒப்புக்கொடுக்கும் பூசை, ஜெபம், தர்மம் ஆகியவை அந்த ஆன்மாக்களுக்கு உதவும் என்பது அந்த வரையறையின் முக்கியமான பகுதி.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். மறக்கப்படுவது என்பது வெறும் வருத்தத்துக்குரிய விஷயம் அல்ல. அது நேரடி இழப்பு. உங்களை நினைக்க ஆள் இல்லையென்றால் உங்களுக்காக ஜெபிக்கவும் ஆள் இல்லை. அதனால் வசதி உள்ளவர்கள் நினைக்கப்படுவதற்குப் பணம் ஒதுக்கினார்கள். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே யூவெல்ம் என்ற ஊரில், சஃபக் பிரபுவும் அவர் மனைவி ஆலிஸ் டி லா போலும் 1437இல் அனுமதி பெற்று ஓர் அறநிலையம் நிறுவினார்கள். பதின்மூன்று ஏழை ஆண்களுக்கு அங்கே வீடும் படியும் கிடைத்தன. அதற்குப் பதிலாக அவர்கள் நாள்தோறும் நிறுவனர்களின் ஆன்மாவுக்காக ஜெபிக்க வேண்டும். ஆலிஸின் கல்லறை அதை ஒட்டிய தேவாலயத்திலேயே இருக்கிறது. அந்தக் கல்லறையைத் தனிச் சிற்பமாகப் பார்த்தால் பாதிதான் தெரியும். பதின்மூன்று பேரின் ஜெபத்தோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் அந்த ஏற்பாடு முழுமையாகிறது.

கொள்ளைநோய்க்கு முன்பே

ஐரோப்பாவைக் கொள்ளைநோய் தாக்கியது 1347 முதல் 1351 வரை. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காவது அழிந்தது. சாவைச் சித்திரிக்கும் படங்கள் எல்லாம் அதற்குப் பிறகு வந்திருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும். ஆனால் அப்படி இல்லை.

"மூன்று உயிருள்ளவர்களும் மூன்று செத்தவர்களும்" என்ற கதை 13ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சுக் கவிதைகளாக வழங்கியது. வேட்டைக்குப் போன மூன்று இளம் பிரபுக்கள் வழியில் மூன்று பிணங்களைச் சந்திக்கிறார்கள். பிணங்கள் பேசுகின்றன. இங்கிலாந்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செய்யப்பட்ட டி லைல் சங்கீதப் புத்தகத்தில் (விவிலியச் சங்கீதங்கள் அடங்கிய ஜெபநூல்), இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பது, மூன்று அரசர்களும் மூன்று பிணங்களும் எதிரெதிரே நிற்கிறார்கள். தலைக்கு மேலே ஆளுக்கொரு வரி. நான் அழகாய் இருந்தேன் என்கிறது ஒரு பிணம். நீயும் இப்படித்தான் ஆவாய் என்கிறது அடுத்தது. கடவுளின் பொருட்டு என்னைப் பார்த்து விழித்துக்கொள் என்கிறது மூன்றாவது. கொள்ளைநோய் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் செய்தி முழுதாக உருவாகியிருந்தது.

இத்தாலியில் பீசா நகரத்துக் கல்லறை வளாகமான காம்போசாந்தோவில் உள்ள 'மரணத்தின் வெற்றி' சுவரோவியம் இன்னும் வலுவான சான்று. இடப்பக்கம் குதிரைமேல் வரும் செல்வந்தர் கூட்டம் திறந்த மூன்று சவப்பெட்டிகள் முன் திகைத்து நிற்கிறது. ஒரு பிணம் ஊதியிருக்கிறது, ஒன்று அழுகுகிறது, ஒன்று எலும்பாகிவிட்டது. ஒருவர் மூக்கைப் பொத்துகிறார்; குதிரை கழுத்தை நீட்டி முகர்கிறது. நடுவில் ஊனமுற்ற பிச்சைக்காரர்கள் தங்களைக் கொண்டுபோகும்படி மரணத்தைக் கூவி அழைக்கிறார்கள். சிறகுள்ள கிழவி உருவில் அரிவாளோடு பறக்கும் மரணம் அவர்களைத் திரும்பியும் பார்ப்பதில்லை. வலப்பக்கத் தோட்டத்தில் இசை கேட்டு உல்லாசமாய் இருக்கும் இளைஞர்களை நோக்கிப் போகிறது. இதைவிடக் கூர்மையான கதைசொல்லல் அந்த நூற்றாண்டுச் சுவரோவியங்களில் அரிது.

இது கொள்ளைநோயின் விளைவாகவே வரையப்பட்டது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. மில்லார்ட் மீஸ் என்ற கலை வரலாற்றாய்வாளர் 1951இல் அந்த வாதத்தை விரிவாக முன்வைத்தார். 1974இல் லுச்சானோ பெல்லோசி இதை வரைந்தவர் புவோனமீக்கோ புஃபல்மாக்கோ என்றும், காலம் 1330களின் இறுதியை ஒட்டியது என்றும் காட்டினார். இன்று பெரும்பாலோர் ஏற்பது அதைத்தான். நோய் வருவதற்குச் சுமார் பத்து ஆண்டுகள் முன்பு. ஆகவே கொள்ளைநோய் இந்தக் கலையைப் பெற்றெடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த படிமங்களுக்குப் புதிய அவசரத்தையும், உயில் எழுதிக் கல்லறைக்குப் பணம் விடும் பழக்கத்துக்குப் புதிய வேகத்தையும் கொடுத்தது என்பதே சரியான அளவு.

1944 ஜூலை 27 அன்று பீரங்கிக் குண்டு விழுந்து காம்போசாந்தோவின் கூரை தீப்பிடித்தது. ஈயத் தகடுகள் உருகிச் சுவர்களில் வழிந்தன. எஞ்சிய ஓவியப் பரப்பைப் பெயர்த்தெடுத்தபோது அடியில் செம்மண் நிறத்தில் தீட்டிய முதல் கோட்டோவியங்கள் வெளிப்பட்டன. ஈரச் சுண்ணாம்பில் வரைபவர்கள் முதற்பூச்சின் மேல் முழுப் படத்தையும் இப்படிக் கோடிட்டுக்கொண்டு, பிறகு ஒரு நாளில் வரையக்கூடிய அளவுக்கு மட்டும் மேற்பூச்சுப் பூசி, அது காய்வதற்குள் வண்ணம் தீட்டுவார்கள். கோட்டோவியங்களுக்குப் பீசாவில் தனி அருங்காட்சியகமே இருக்கிறது. சீர்செய்த 'மரணத்தின் வெற்றி' 2018இல்தான் மறுபடி தன் இடத்துக்கு வந்தது.

மேலே ஒருவர், கீழே அவரே

இந்தக் கலையின் மிகத் துணிச்சலான கண்டுபிடிப்பு பிணச்சிலைக் கல்லறைதான். பிரெஞ்சில் திரான்ஸி என்பார்கள்.

முதலில் வழக்கமான கல்லறைச் சிலையைப் பார்த்துவிடுவோம். பீடத்தின்மேல் மல்லாந்த உருவம், கூப்பிய கைகள், தலைக்குக் கீழே தலையணை, காலடியில் நாய் அல்லது சிங்கம். கண்கள் பெரும்பாலும் திறந்திருக்கும். கொஞ்சம் கவனித்தால் ஒரு விநோதம் தெரியும்: பல சிலைகளில் அங்கியின் மடிப்புகள் பாதத்தை நோக்கி நேராக இறங்கும், நிற்பவரின் உடையைப் போல. படுத்திருப்பவரின் துணி பக்கவாட்டில் சரிய வேண்டும் அல்லவா? சிற்பி தெரியாமல் செய்த பிழை இல்லை இது. தூங்கும் உடலை அவர் செதுக்கவில்லை. உயிர்த்தெழுதலுக்குக் காத்திருக்கும், தன் பதவிக்குரிய கோலத்தில் உள்ள மனிதரைச் செதுக்குகிறார்.

பிணச்சிலை இதைத் தலைகீழாக்குகிறது. நகை, கிரீடம், உடை எதுவும் இல்லை. சவத்துணி தலைமாட்டிலும் கால்மாட்டிலும் முடிச்சிடப்பட்டு நடுவில் விலகியிருக்கும். விலா எலும்புகள் துருத்தும், வயிறு ஒட்டியிருக்கும், கை அல்லது துணியின் ஓரம் மறைவிடத்தை மூடும். 1393இல் இறந்த மருத்துவர் கியோம் தெ ஆர்சினியின் சிலை, பிரான்சின் லாவோன் நகரில் இருப்பது, மிகப் பழையவற்றில் ஒன்று. 1402இல் இறந்த கர்தினால் ழான் தெ லக்ராஞ்ஜின் பிணச்சிலை அவிஞ்ஞோனில் இருக்கிறது. "நீ எதற்குப் பெருமைப்படுகிறாய்? நீயும் சாம்பல்தான்; எங்களைப் போலவே புழுக்களுக்கு இரையாவாய்" என்ற பொருளில் அதன் கல்வெட்டு பார்ப்பவரை அதட்டுகிறது. சுவிட்சர்லாந்தின் லா சராஸ் சிற்றாலயத்தில் பிரான்சுவா தெ லா சராவின் சிலை இன்னும் கடுமையானது: முகத்திலும் மறைவிடத்திலும் தவளைத் தேரைகள், கைகால்களில் நெளியும் புழுக்கள்.

இங்கிலாந்தில் இது இரண்டு தட்டுகளாக வளர்ந்தது. ரயில் பெட்டியின் மேல்படுக்கையும் கீழ்ப்படுக்கையும் போல: மேல்தட்டில் முழு அலங்காரத்தில் மனிதர், கீழ்த்தட்டில் அவருடைய பிணம், இடையே கல் வளைவுகள் அல்லது சாளர வேலைப்பாடு. கேன்டர்பரி பேராலயத்தில் பேராயர் ஹென்றி சிச்சலியின் கல்லறை இதற்கு எடுத்துக்காட்டு. மேலே ஆயர் முடியும் அங்கியும் அணிந்த, வண்ணம் தீட்டிய பேராயர். கீழே துணியின்மேல் கிடக்கும் நிர்வாணச் சடலம். சிச்சலி இதை 1420களில் தன் கண்பார்வையிலேயே செய்வித்தார். இறந்தது 1443இல். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் பிணத்தைத் தானே பார்த்துக்கொண்டு அதே ஆலயத்தின் தலைவராக இருந்திருக்கிறார். "ஏழையாய்ப் பிறந்தேன், தலைமைப் பேராயராய் உயர்ந்தேன், இப்போது வீழ்ந்து புழுக்களுக்கு உணவானேன்" என்று போகிறது கல்வெட்டு. "இந்தக் கல்லறை உன் கண்ணாடி" என்கிறது. பலர் மேற்கோள் காட்டுவது இதுவரைதான். அதன் தொடர்ச்சியில் இவ்வழியே செல்பவரே, என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்ற வேண்டுகோள் இருக்கிறது. அதுதான் முழுக் கல்லறையும் எதற்காக என்பதைச் சொல்லும் வரி. தன் பெருமையைத் தானே தாழ்த்திக் காட்டுவதால் வழிப்போக்கரின் மனம் இளகும், இளகினால் ஜெபிப்பார். சிச்சலி 1438இல் ஆக்ஸ்ஃபோர்டில் நிறுவிய ஆல் சோல்ஸ் கல்லூரியின் பெயரிலேயே சகல ஆன்மாக்களும் இருக்கிறார்கள். இந்தக் கல்லறையின் வண்ணத்தை இன்றும் பராமரித்து வருவது அந்தக் கல்லூரிதான்.

யூவெல்ம் ஆலிஸ் 1475இல் இறந்தார். மேலே அலபாஸ்டர் கல்லில் சிற்றரசியின் கிரீடத்தோடு படுத்திருக்கிறார். இடது முன்கையில் கார்ட்டர் என்ற உயரிய ஆங்கில வீரர் அணியின் பட்டை கட்டியிருக்கிறது. கீழே தரையை ஒட்டிய சாளரத் துளைகளின் வழியே மெலிந்த கிழவியின் பிணம் தெரியும். அந்தக் கீழ்த்தட்டின் உட்கூரையில் மாதாவுக்கு வானதூதர் சொன்ன மங்கள வார்த்தைக் காட்சி, மகதலா மரியாள், திருமுழுக்கு யோவான் ஆகியோரை வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். நின்றுகொண்டு பார்ப்பவருக்கு இது தெரியாது. தரையில் படுத்துத் தலையைத் திருப்பினால்தான் தெரியும். பிணத்தின் கண்களுக்காக வரையப்பட்ட படம் அது. இவ்வளவு செலவு செய்து யாரும் பார்க்க முடியாத இடத்தில் ஓவியம் வைத்தார்கள் என்பதே, இவை காட்சிப் பொருட்களாக நினைக்கப்படவில்லை என்பதற்குப் போதுமான சான்று.

பிரெஞ்சு அரசர்கள் இதை அடுத்த நிலைக்குக் கொண்டுபோனார்கள். பாரிஸை ஒட்டிய சான் தெனி ஆலயத்தில் பன்னிரண்டாம் லூயி, அவர் மனைவி ப்ரித்தானி ஆன் ஆகியோரின் கல்லறை, 1531இல் முடிந்தது. மேல்தளத்தில் இருவரும் முழங்காலிட்டு ஜெபிக்கிறார்கள். உள்ளே பளிங்கில் இருவரின் பிணங்கள். வயிற்றைப் பாருங்கள்: குடலை எடுத்துப் பதனிட்டபின் தைத்த தையல்கூடக் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது.

இந்த வரிசையில் கடைசியாக நிற்பது, உண்மையாகவே நின்றுகொண்டிருப்பது, பார்-லெ-துக் நகரில் லிஜியே ரிஷியே செதுக்கிய உருவம். 1544இல் சான் திசியே முற்றுகையில் 25 வயதில் இறந்த ரெனே தெ ஷாலோனின் நினைவாகச் செய்தது. தோல் கிழிந்து தொங்கும் எலும்பு உடல் நிமிர்ந்து நின்று இடது கையில் தன் இதயத்தை மேலே உயர்த்திக் காட்டுகிறது. இங்கே பிணம் அச்சுறுத்தவில்லை, ஒப்புக்கொடுக்கிறது.

சுவரில் ஒரு கல்லறை

ஃப்ளோரன்ஸின் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் மசாச்சோ 1425 முதல் 1427க்குள் வரைந்த திரித்துவ ஓவியத்தைப் பாடநூல்கள் ஒருபுள்ளிக் கோண வரைவுக்கு, அதாவது ஒரே புள்ளியில் குவியும் கோடுகளால் ஆழத்தைக் காட்டும் முறைக்கு, முதல் பெரும் உதாரணமாகக் காட்டுகின்றன. உண்மைதான். ஆனால் படத்தின் கீழ்ப்பாதியை வெட்டிவிட்டு அச்சிட்டால் அர்த்தமே மாறிவிடும். மேலே சிலுவையில் தொங்கும் மகன், பின்னால் அவரைத் தாங்கும் பிதா, பக்கத்தில் மாதாவும் யோவானும். தூண்களுக்கு வெளியே முழங்காலிட்டிருக்கும் கணவனும் மனைவியும் இதற்குப் பணம் கொடுத்தவர்கள். அதற்கும் கீழே வரையப்பட்ட கல்பெட்டியின்மேல் ஓர் எலும்புக்கூடு. மேலே எழுத்து: நீங்கள் இப்போது இருப்பதுபோல் நான் இருந்தேன், நான் இப்போது இருப்பதுபோல் நீங்களும் ஆவீர்கள். எழுதப்பட்டது இலத்தீனில் அல்ல, ஊர் மக்கள் பேசிய இத்தாலியத்தில்.

கோண வரைவின் எல்லாக் கோடுகளும் சென்று சேரும் புள்ளி சிலுவையின் அடியில், தரையில் நிற்பவரின் கண்மட்டத்தை ஒட்டி இருக்கிறது. ஆகவே நிமிர்ந்தால் சிலுவை, குனிந்தால் எலும்புக்கூடு. இரண்டுக்கும் நடுவில் உங்கள் கண். கணிதத்தைக் கொண்டு பார்வையாளரைப் படத்துக்குள் நிறுத்தும் இந்த ஏற்பாடு எனக்கு அந்த நூற்றாண்டின் மிக நுட்பமான சிந்தனைகளில் ஒன்றாகத் தோன்றுகிறது. 1570 அளவில் ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி இதன் முன்னால் ஒரு பலிபீடத்தைக் கட்டியதில் ஓவியம் மறைந்தது. 19ஆம் நூற்றாண்டில் மேற்பகுதி வெளிப்பட்டு வேறு சுவருக்கு மாற்றப்பட்டது. எலும்புக்கூடு பழைய சுவரிலேயே கண்டெடுக்கப்பட்டது 1950களின் தொடக்கத்தில். அதற்குப் பிறகுதான் இரண்டும் ஒன்று சேர்ந்தன. இடைப்பட்ட காலத்தில் மேற்பகுதியை மட்டும் பார்த்தவர்களுக்கு அது கல்லறை நினைவோவியம் என்று தெரிய வழியே இல்லை.

மரண நடனம்

பாரிஸின் மாசற்ற குழந்தைகள் கல்லறைத் தோட்டத்தின் வளைவுச் சுவரில் 1424-25இல் ஒரு நீண்ட ஓவியம் வரையப்பட்டது. திருத்தந்தை, பேரரசர், கர்தினால், அரசர் என்று தொடங்கி, குருவும் இல்லறத்தாரும் மாறி மாறி, உழவர், குழந்தை, துறவி வரை ஒரு வரிசை. ஒவ்வொருவரையும் ஒரு பிணம் கையைப் பிடித்து இழுக்கிறது. கீழே செத்தவன் பேசும் செய்யுளும் உயிருள்ளவர் புலம்பும் செய்யுளும். மேலே பரணில் பழைய எலும்புகள் குவிக்கப்பட்டிருந்தன. படத்தைப் பார்த்தவர் தலையைத் தூக்கினால் உண்மையான மண்டையோடுகளையே பார்த்தார்.

இங்கே தொடக்கநிலையில் ஒரு தவறு நேரும். ஆடுபவை எல்லாம் 'மரணம்' என்ற ஒரே ஆள் என்று நினைத்துவிடுகிறோம். பாரிஸ் வரிசையில் அப்படி இல்லை. ஆளுக்கு ஒரு செத்தவன். அவன் பெரும்பாலும் அந்த மனிதரின் நாளைய உருவம்தான். எலும்புகளின்மேல் உலர்ந்த தோல் ஒட்டியிருக்கும். சுத்தமான எலும்புக்கூடாக இருக்காது. அரிவாளோ மணற்கடிகையோ ஏந்திய ஒரே மரணம் எங்கும் வந்து நிற்பது அடுத்த நூற்றாண்டில்தான் பரவலானது.

சுவர் 1669இல் இடிக்கப்பட்டது. ஆனால் கியோ மர்ஷான் என்ற அச்சகர் 1485இல் மரச்செதுக்குப் படங்களோடு அதை நூலாக வெளியிட்டிருந்தார். அது உடனே விற்றுத் தீர்ந்ததால் அடுத்த ஆண்டே விரிந்த பதிப்பும் பெண்களுக்கான நடனமும் வந்தன. பாரிஸ் ஓவியம் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு இந்த அச்சுகளால்தான். ஜெர்மனியின் லூபெக் நகரில் பெர்ன்ட் நோட்கே 1463இல் செய்த நடனம் சிதைந்ததால் 1701இல் நகலெடுத்து மாற்றினார்கள்; அந்த நகலும் 1942 விமானத் தாக்குதலில் எரிந்தது. எஸ்தோனியாவின் தாலின் நகரில் நோட்கேயின் மற்றொரு நடனத்தின் தொடக்கப் பகுதி, சுமார் ஏழரை மீட்டர், இன்னும் இருக்கிறது. துணியில் வரைந்த அந்த எஞ்சிய பகுதியில் வரிசை அரசரோடு நின்றுவிடுகிறது. உழவர்களும் குழந்தையும் இருந்த பகுதி தொலைந்துபோயிற்று.

ஓவியர் இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1520களின் நடுவில் இந்த வரிசையைப் பிரித்துப்போட்டார். நடனம் இல்லை, ஒவ்வொருவரையும் அவரவர் வேலையிடத்தில் மரணம் வந்து பிடிக்கிறது. நீதிபதி பணக்காரரிடம் கைநீட்டும் கணத்தில், கஞ்சன் காசு எண்ணும் மேசையில். வயதான உழவரின் குதிரைகளை மரணம் சாட்டையால் விரட்டி உதவுகிறது. தொலைவில் தேவாலயத்தின் பின்னால் சூரியன் இறங்குகிறது. அவருக்கு மட்டும் அது இளைப்பாறுதல்போலத் தெரிகிறது. ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 65 மில்லிமீட்டர் உயரமும் 50 மில்லிமீட்டர் அகலமும்தான். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய மரக்கட்டையில் வெண்மையாக வரவேண்டிய இடத்தையெல்லாம் கத்தியால் அகற்றி, தலைமுடி அளவுக் கோடுகளை மட்டும் நிறுத்த வேண்டும். இதைச் செய்தவர் ஹான்ஸ் லுட்ஸல்பர்கர். அவர் 1526இல் இறந்தார். படங்கள் 1538இல் லியோனில் 41 எண்ணிக்கையில் நூலாக வந்தன. சுவரிலிருந்து சாவு கைக்குள் வந்துவிட்டது; ஊரோடு பார்த்ததை இனி ஒருவர் தனியே புரட்டலாம்.

தனியே புரட்டுவதற்கு வேறு நூல்களும் இருந்தன. 'நன்றாய்ச் சாகும் கலை' என்ற கையேட்டின் சுருங்கிய வடிவம் 1450 அளவில் மரக்கட்டையிலேயே எழுத்தையும் படத்தையும் செதுக்கி அச்சிடப்பட்டது. மொத்தம் பதினொரு படங்கள். விசுவாசத்தை இழத்தல், நம்பிக்கையிழப்பு, பொறுமையின்மை, வீண்பெருமை, உலகப் பொருள்மீது பற்று என்று சாகக் கிடப்பவருக்கு வரும் ஐந்து சோதனைகளும், ஒவ்வொன்றுக்கும் தேவதூதர் தரும் ஆறுதலும், கடைசியில் நல்ல சாவும். வீட்டில் வைத்திருந்த ஜெபப் புத்தகங்களிலும் இறந்தோருக்கான ஜெபப் பகுதி உண்டு. அதில் யோபு நூலிலிருந்து ஒன்பது வாசகங்கள் வரும். படமாகக் கறுப்பு அங்கியணிந்த துக்கக்காரர்களோ, சவ அடக்கமோ, குப்பைமேட்டில் அமர்ந்த யோபுவோ இருப்பார்.

முகத்தின் பின்னால்

உருவப்படத்தோடு மண்டையோட்டைச் சேர்க்கும் பழக்கம் 15ஆம் நூற்றாண்டு ஃப்ளாண்டர்ஸில் (இன்றைய பெல்ஜியப் பகுதி) வலுப்பெற்றது. ரோகியர் வான் டெர் வைடன் 1452ஐ ஒட்டி வரைந்த ப்ராக் குடும்பத்து மூன்று பலகை ஓவியத்தைத் திறந்தால் கிறிஸ்துவும் புனிதர்களும். மூடினால் செங்கல் துண்டில் சாய்ந்த ஒரு மண்டையோடு. யான் கோஸார்ட் 1517இல் வரைந்த காரொந்தலெ இரட்டைப் பலகையின் பின்புறத்திலும் தாடை கழன்ற மண்டையோடு இருக்கிறது. இவை கீல் வைத்த, மூடித் திறக்கும் பொருட்கள். ஜெப நேரம் தவிர மற்ற நேரங்களில் மூடியே இருந்தால், வீட்டார் அதிகம் பார்த்தது மண்டையோட்டைத்தான். இணையப் படங்களில் முன்பக்கம் மட்டுமே வருவதால் இது அடிக்கடி தவறிப்போகிறது.

ஹோல்பைனின் 'தூதர்கள்' (1533, லண்டன் தேசிய ஓவியக்கூடம்) இதே எண்ணத்தை முன்பக்கத்துக்கே கொண்டுவருகிறது. சுமார் 207 சென்டிமீட்டர் உயரமும் 209 சென்டிமீட்டர் அகலமும் உள்ள பலகையில் இரண்டு இளம் தூதர்கள், 29 வயதும் 25 வயதும். நடுவே வானியல் கருவிகள், பூகோளம், நூல்கள், ஒரு கம்பி அறுந்த லூட் வாத்தியம். தரையில் சாய்வாக நீண்ட ஏதோ ஒரு சாம்பல் நிறக் கறை. படத்தின் வலது ஓரத்துக்குப் போய், சுவரை ஒட்டி நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு சாய்வாகப் பாருங்கள். கறை சுருங்கி மண்டையோடாகும். அப்போது தூதர்களும் கருவிகளும் நசுங்கித் தெளிவற்றுப் போவார்கள். திரையில் பார்ப்பவர்கள் படத்தை முழு அளவில் வைத்துத் திரையின் வலது விளிம்பிலிருந்து பார்த்தால் ஓரளவு கிடைக்கும். இரண்டையும் ஒருசேரத் தெளிவாகப் பார்க்க முடியாது என்பதுதான் இதன் சாரம். இன்னும் ஒன்று: இடது மேல்மூலையில் பச்சைத் திரையின் ஓரத்தில் பாதி மறைந்த சிறு சிலுவை இருக்கிறது. அதைக் காணாதவர்கள் இந்தப் படத்தை வெறும் நிலையாமைப் படமாக முடித்துவிடுகிறார்கள்.

மண்டையோடே இல்லாத நினைவுப்படங்களும் உண்டு. டொமினிகோ கிர்லாந்தாயோ வரைந்த ஜொவான்னா டொர்னபுவோனியின் பக்கவாட்டு முகம் (மாட்ரித், திசன் அருங்காட்சியகம்) அப்படிப்பட்டது. 1488இல், பத்தொன்பது வயதில், கர்ப்பிணியாய் இருந்தபோது அவர் இறந்தார். படத்தில் அந்த ஆண்டும், ரோமானியக் கவிஞர் மார்ஷியலின் வரியைத் தழுவிய வாசகமும் உள்ளன: கலையே, நடத்தையையும் மனத்தையும் உன்னால் வரைய முடிந்திருந்தால் உலகில் இதைவிட அழகிய படம் இருந்திராது. பின்னால் ஜெபப் புத்தகமும் பவள ஜெபமாலையும். இதே ஓவியர் ஒரு முதியவரையும் சிறுவனையும் வரைந்த படம் லூவ்ரில் இருக்கிறது. அந்த முதியவர் கண்மூடிக் கிடக்கும் கோட்டோவியம் ஸ்டாக்ஹோமில் இருக்கிறது. செத்த முகத்தைப் பார்த்துக் கோடு போட்டுக்கொண்டு, ஓவியத்தில் கண்ணைத் திறந்து பேரனைப் பார்க்க வைத்திருக்கிறார் என்று பலர் கருதுகிறார்கள்.

நீங்களே பார்க்கும்போது

ஒரு படைப்பை எடுத்துக்கொண்டால் முதலில் அது எங்கே இருந்தது என்று தேடுங்கள். இப்போது எங்கே இருக்கிறது என்பது இரண்டாம்பட்சம். பீடத்தருகே, கோயில் நடைபாதையில், கல்லறைச் சுவரில், கையடக்க நூலில் என்று இடத்துக்கு இடம் அதன் குரல் மாறும். அடுத்து எழுத்து. கல்லின் விளிம்பிலோ சட்டத்திலோ ஓடும் வரியை யாராவது மொழிபெயர்த்திருப்பார்கள். அதில் ஜெபிக்கச் சொல்கிறதா, எச்சரிக்கிறதா, இரண்டுமா என்று பாருங்கள். பிறகு உடலின் நிலை: ஊதியதா, உலர்ந்ததா, எலும்பா? பொதுவாக உலர்ந்த தோலுள்ள பிணங்கள் 14, 15ஆம் நூற்றாண்டுக்கும் சுத்தமான எலும்புக்கூடு 16ஆம் நூற்றாண்டுக்கும் உரியவை. மசாச்சோவைப் போன்ற விதிவிலக்குகள் இருப்பதால் இதை மட்டும் வைத்துக் காலம் சொல்லிவிட வேண்டாம். எலும்புகளின் எண்ணிக்கையிலும் மூட்டுகளிலும் பிழை இருந்தால் அதைத் திறமைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை. வெசாலியஸின் உடற்கூற்று நூலே 1543இல்தான் வந்தது.

கடைசியாக, எது காணாமல் போயிருக்கிறது என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 1547இல் இறந்தோருக்காகப் பூசை செய்ய நிறுவப்பட்ட சிற்றாலயங்களின் சொத்துகள் அரசால் பறிமுதல் செய்யப்பட்டன. உத்தரிக்கிற ஸ்தலம் என்ற போதனையையே புராட்டஸ்டண்ட் சீர்திருத்தவாதிகள் மறுத்தார்கள். "இன்னாரின் ஆன்மாவுக்காக ஜெபியுங்கள்" என்ற சொற்கள் பித்தளைத் தகடுகளிலிருந்து வெட்டியும் சுரண்டியும் எடுக்கப்பட்டன, சிலைகள் உடைபட்டன. சேதம் எல்லை மீறியதால் 1560இல் முதலாம் எலிசபெத் அரசியே கல்லறைகளைச் சிதைப்பதைத் தடைசெய்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. அதற்குப் பின் வந்த ஆங்கிலக் கல்லறைகளிலும் மண்டையோடு தொடர்ந்தது, மணற்கடிகை தொடர்ந்தது, எச்சரிக்கையும் தொடர்ந்தது. ஜெபம் கேட்கும் வரி மட்டும் இல்லை. அதன் இடத்தில் இறந்தவரின் குணநலன்களையும் பதவிகளையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் பட்டியலிடும் வாசகங்கள் வந்தன. ஒரு கல்லறை 1547க்கு முந்தியதா பிந்தியதா என்பதைப் பல சமயம் இந்த ஒரு வரியை வைத்தே சொல்லிவிடலாம்.